எட்டுப் பட்டைப் பூத்தரை

என் கை அளந்தால் அளந்ததுதான். சிங்கப்பூர் தேக்காவில் பஃபலோ ரோட்டில் இருபத்தாறு வருடமாகப் பூக்கடை வைத்திருக்கிறேன். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம் நான் இழுத்துக் கொடுத்தால், அதன்மேல் யாரும் டேப்பு வைத்துப் பார்த்ததில்லை. ஒரே ஒருவர் வைத்துப் பார்த்தார். அவர் அண்ணாதுரை, என் அக்காவின் கணவர். பார்த்துவிட்டு, "அரை இன்ச்சு கூடவே இருக்கு" என்றார். கூட இருந்ததைத்தான் சொன்னார், ஆனாலும் அளந்து பார்த்ததற்காக அவரோடு இரண்டு வாரம் பேசாமல் இருந்தேன். கோபம் எனக்குக் கொஞ்சம் சீக்கிரம் வரும். பெயர் மட்டும் செல்லக்கண்ணு.

அத்தானைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் பிழைப்பே அளவுதான். கட்டடக் கம்பெனி ஒன்றில் குவாண்டிட்டி சர்வேயர். ஒரு கட்டடத்துக்கு எத்தனை மூட்டை சிமென்ட், எத்தனை பெட்டி டைல்ஸ் என்று வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். கிளமெண்டியில் அவர்கள் வீட்டுக்கு விருந்துக்குப் போனால், சோஃபா எந்தச் சுவரிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளியிருக்கிறது என்பதற்குக்கூட அவரிடம் காரணம் இருக்கும்.

அவர்களுக்கு ஒரே மகள், திவ்யதர்ஷினி. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நான் தாய்மாமன். பட்டுப்புடவை, பழத்தட்டு என்று ஊரெல்லாம் வைக்கிற சீரையே நானும் வைத்தால் எனக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம்? நிச்சயதார்த்தத்தன்று இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "மண்டபத் தரையில பக்கத்துக்குப் பன்னெண்டடி வச்சு, எட்டு மூலையுள்ள எட்டுப் பட்டையா பூ விரிக்கிறேன். என் மருமக அதுமேல நடந்துதான் மணமேடைக்குப் போவா. அதான் என் சீர்."

எல்லோரும் கை தட்டினார்கள். அத்தான் தட்டவில்லை. அவர் ஏற்கெனவே பெரிய ஹோட்டல்களுக்கு அலங்காரம் செய்யும் ஒரு கம்பெனியிடம் பேசிவைத்திருந்தார்.

"செல்லக்கண்ணு, தப்பா நினைக்காதே. மாலை வேற, ஃப்ளோர் வேற. இவங்க வாரா வாரம் ஃப்ளோர் பண்றாங்க. உனக்கு இது ஃபர்ஸ்ட் டைம் லா" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். அக்கா செண்பகவல்லி அதிகம் பேசமாட்டாள். பேசினால் அதற்கு மேல் பேச்சு இருக்காது. "என் தம்பி செய்றேன்னா செய்வான்" என்றாள். அத்தான் வீட்டுச் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் சொன்னாள். கடைசியில் ஹோட்டல் கம்பெனியை ஸ்டாண்ட்-பையாக வைத்துக்கொள்வது என்று அத்தான் இறங்கி வந்தார். நான் கைவிட்டால் அவர்கள் வருவார்கள். நான் ஏன் கைவிடப்போகிறேன் என்று எனக்கு ஒரே எரிச்சல்.

போன மாதம் அக்கா இருக்கும் காண்டோ அடுக்குமாடியின் ஃபங்ஷன் ரூமில் ஒரு மாதிரி போட்டுக் காட்டினேன். பக்கத்துக்கு நாலடி வைத்து எட்டுப் பட்டை. ஓரத்தில் மல்லிகைச் சரம், உள்ளே மஞ்சள் செவ்வந்தி உதிரி. இருபது கிலோ செவ்வந்தி பிடித்தது. மணப்பெண் படம் எடுத்துத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாள். அத்தான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பெரிசு எத்தனை ஸ்கொயர் ஃபீட் வருது?" என்று கேட்டார்.

"அத்தான், உங்க கான்க்ரீட்டப் பத்தி நான் எப்பவாச்சும் கேட்டிருக்கேனா? பூக் கணக்கு என்கிட்ட இருக்கு."

அன்று மாலை அத்தான் போனில் ஏதோ எக்செல் ஃபைல் ஒன்று அனுப்பினார். நான் திறக்கவே இல்லை.

என் கணக்கு சுலபமானது. மாதிரி நாலடி. கல்யாணத்துக்குப் பன்னிரண்டடி. மூன்று மடங்கு. மாதிரிக்கு ஓரச் சரம் முப்பத்திரண்டு அடி, கல்யாணத்துக்குத் தொண்ணூற்றாறு. மாதிரிக்குச் செவ்வந்தி இருபது கிலோ, கல்யாணத்துக்கு அறுபது. மலேசியாவில் கேமரன் மலையிலிருந்து எனக்குப் பூ அனுப்பும் தோட்டக்காரர் துரைசாமியிடம் அறுபது கிலோ சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், சனிக்கிழமை காலையில் பூ வந்து இறங்கும்.

இது எப்படிப்பட்ட தப்பு என்று கணக்குப் படித்தவர்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் போனதற்குக் காரணம் என் தொழில்தான். பூக்கடையில் எல்லாமே நீளம். கதவு இரண்டு மடங்கு அகலமென்றால் தோரணம் இரண்டு மடங்கு. சாமி இரண்டு மடங்கு உயரமென்றால் மாலை இரண்டு மடங்கு. கொண்டைக்கு ஒரு முழம், ஜடைக்கு மூன்று முழம். இருபத்தாறு வருடத்தில் இந்தக் கணக்கு என்னை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. உதிரியை வாங்குகிறவர்கள் கிலோவில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அதை எங்கே எவ்வளவு இடத்தில் போட்டார்கள் என்று நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஜமால் முகம்மது கடைக்கு வந்தார். அடுத்த தெருவில் கார்ப்பெட் கடை வைத்திருக்கிறார். இருபது வருடப் பழக்கம். தொழுகை முடித்துவிட்டு, வழியில் சமோசா வாங்கிக்கொண்டு வருவார். என் கடையில் டீ. நான் அவரை பாய் என்பேன். அவர் என்னைச் செல்லா என்பார். சண்டை போடாமல் நாங்கள் டீ குடித்த நாள் மிகக் குறைவு.

அன்றைக்கு நான் நல்ல உற்சாகத்தில் இருந்தேன். மாதிரியின் படத்தைக் காட்டி, மூன்று மடங்கு, அறுபது கிலோ, துரைசாமி, லாரி என்று எல்லாவற்றையும் அளந்துவிட்டேன். பாய் சமோசாவைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

"அறுபதா? நூத்தி எண்பதுல்ல வேணும்?"

"பாய், வெயில்ல நடந்து வந்தீங்களா?"

"வெளையாடாத செல்லா. என் கடையில ஒருத்தர் வராரு. நாலுக்கு நாலு ரூமுக்கு கார்ப்பெட் வாங்கிட்டுப் போறாரு. அப்புறம் பன்னெண்டுக்குப் பன்னெண்டு ஹாலுக்கு வேணும்னு வராரு. மூணு பங்கு குடுத்தா ஹால்ல ஒரு ஓரத்துக்குத்தான் வரும். ஒம்பது பங்கு குடுக்கணும் லா. நீளத்துலயும் மூணு, அகலத்துலயும் மூணு."

"அது சதுரம். உங்க கார்ப்பெட்டு சதுரம். என்னோடது எட்டுப் பட்டை. அதுக்கு வேற கணக்கு."

"எந்த உருவமா இருந்தாலும் அதே கணக்குதான். மூலை அப்படியே இருந்து, எல்லாப் பக்கமும் மூணு மடங்கானா, எடம் ஒம்பது மடங்கு."

அவர் சொல்லி நான் ஒப்புக்கொள்வதா? "நிரூபிங்க" என்றேன்.

பாய் தாளில் எழுதப் போனார். நான் தடுத்தேன். தாளில் எழுதினால் எதையும் எப்படியும் காட்டலாம். மேசையில் சமோசா இருந்தது. முக்கோணம்தானே. பேப்பரை விரித்து நானே அடுக்க ஆரம்பித்தேன். ஒரு சமோசா ஒரு முக்கோணம். அதே மாதிரி, ஆனால் பக்கத்துக்கு மூன்று சமோசா நீளமுள்ள முக்கோணம் ஒன்றை அடுக்க வேண்டும். அடி வரிசையில் நேராக மூன்று, இடையில் தலைகீழாக இரண்டு. ஐந்து ஆயிற்று. அதற்கு மேல் வரிசையில் மூன்று. எட்டு. உச்சியில் வைக்கச் சமோசா இல்லை. பாய் ஒன்பது வாங்கி வந்ததில் ஒன்றை நான் முதலிலேயே தின்றுவிட்டேன். அந்த உச்சி மட்டும் காலியாக இருந்தது. ஒன்று வைத்தால் சரியாக நிறையும். ஒன்பது.

"எண்ணிக்கோ" என்றார் பாய்.

நான் எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். கடைசி முயற்சியாக, "இது முக்கோணம். எட்டுப் பட்டை இல்லையே" என்றேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. எட்டுப் பட்டையை நடுவிலிருந்து கேக் மாதிரி வெட்டினால் எட்டு முக்கோணம். ஒவ்வொரு முக்கோணமும் ஒன்பது மடங்கு ஆனால், மொத்தமும் ஒன்பது மடங்குதானே ஆகும். இதைப் பாய் சொல்லவில்லை. எனக்கே தெரிந்துவிட்டது. ஒன்பது இருபது நூற்றெண்பது. என்னிடம் வருவது அறுபது.

போனை எடுத்து அத்தான் அனுப்பிய எக்செல் ஃபைலைத் திறந்தேன். மாதிரி எழுபத்தேழு சதுர அடி, பெரியது அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து என்று ஒரு மாதத்துக்கு முன்பே எழுதி அனுப்பியிருக்கிறார் மனிதர். அவர்மேல் கோபம் வந்தது. பிறகு என்மேல்தான் வரவேண்டும் என்று புரிந்து, அதுவும் வந்தது.

துரைசாமிக்கு போன் போட்டேன்.

"அண்ணே, பறிச்சு முடிச்சாச்சு. லாரியும் கெளம்பிருச்சு. இனிமே திங்கக்கிழமைதான் பறிப்போம். முந்தாநாள் சொல்லியிருந்தா எப்படியாச்சும் குடுத்திருப்பேனே" என்றார்.

அடுத்து அக்காவுக்கு போட்டேன். உண்மையைச் சொல்லிவிடலாம், ஹோட்டல் கம்பெனி ஸ்டாண்ட்-பையில் இருக்கிறது, அவர்கள் வந்து செய்துவிட்டுப் போகட்டும், என் மானம் போனாலும் பரவாயில்லை என்று நினைத்துத்தான் போட்டேன். சத்தியமாக. ஆனால் அக்கா என்னைப் பேசவிட்டால்தானே.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்டா. அந்த டெக்கரேஷன் ஆளுங்கள நேத்தே கேன்சல் பண்ணச் சொல்லிட்டேன். உங்க அத்தானுக்கு மூஞ்சி தூக்கிடுச்சு. நான் சொல்லிட்டேன், ஸ்டாண்ட்-பை வச்சா என் தம்பிய நம்பலன்னு அர்த்தம்னு. நீ எதுக்குக் கூப்பிட்ட?"

"ஒண்ணும் இல்லக்கா. மண்டபம் எத்தனை மணிக்குத் திறப்பாங்கன்னு கேக்கத்தான்."

"காலைல அஞ்சு மணிக்கு."

போனை வைத்துவிட்டேன். பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ளதச் சொல்லிடு செல்லா" என்றார். முடியாது என்றேன். அக்கா எனக்காக அத்தனை பேரை எதிர்த்து நின்றிருக்கிறாள். தரை பாதியில் நின்றால் நான் தலைகுனிவது இருக்கட்டும், அத்தான் வீட்டார் முன்னால் அவளல்லவா தலைகுனிய வேண்டும். நான் சமாளித்தாக வேண்டும்.

எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். தேக்காவில் இருக்கும் பூக்கடைக்காரர்களில் பாதிப் பேரோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. யார் யாரோடு எதற்காகச் சண்டை என்பதுகூட மறந்துவிட்டது, சண்டை மட்டும் நினைவில் இருக்கிறது. ஒவ்வொரு கடையாக ஏறி, "மஞ்சள் செவ்வந்தி உதிரி மிச்சம் இருந்தா வேணும், மருமக கல்யாணம்" என்றேன். கல்யாணம் என்றதும் யாரும் முகம் திருப்பவில்லை. அருண்ராஜ் என்னோடு பேசி நாலு வருடம் ஆகிறது. "வேற என்ன வேணும்ணே?" என்று கேட்டுப் பன்னிரண்டு கிலோ தூக்கிக் கொடுத்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏழு கடை ஏறி இறங்கியதில் முப்பது கிலோ சேர்ந்தது. அதற்கு மேல் அந்தத் தெருவில் மஞ்சள் பூவே இல்லை.

அறுபதும் முப்பதும் தொண்ணூறு. வேண்டியதில் சரியாகப் பாதி.

கடைக்குத் திரும்பியபோது பாய் இன்னும் உட்கார்ந்திருந்தார். அவர் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

"பாதிப் பூ இருக்கு. அப்போ பாதி அளவு போட்டுடு. பன்னெண்டுக்கு ஆறு" என்றார்.

நான் சிரித்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எனக்குப் பாடம் எடுத்த மனிதர்! "பாய், பக்கத்தப் பாதியாக்கினா பூ பாதியாகாது, கால்வாசியாகும். ஆறடிக்கு நாப்பத்தஞ்சு கிலோ போதும். மீதி நாப்பத்தஞ்ச உங்க தலைல கொட்டவா?"

பாய் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. கணக்கு இப்போது என் பக்கம் வந்துவிட்டது. பென்சிலை வாங்கி, பேப்பரில் சமோசா எண்ணெய் படாத ஒரு மூலையில் எழுதினேன். பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் நூற்று நாற்பத்து நான்கு. அதில் பாதி எழுபத்திரண்டு. எதை அதாலேயே பெருக்கினால் எழுபத்திரண்டு வரும்? எட்டெட்டு அறுபத்து நான்கு, குறைவு. ஒன்பதொன்பது எண்பத்தொன்று, அதிகம். எட்டரையை எட்டரையால் பெருக்கினேன். எழுபத்திரண்டேகால்.

தொண்ணூறு கிலோவுக்கு எட்டரை அடிப் பக்கமுள்ள எட்டுப் பட்டை வரும். மோசமில்லை. ஆனால் நான் பன்னிரண்டடி என்றல்லவா சபையில் சொன்னேன்? அந்த மண்டபத்தில் எட்டரை அடியைப் போட்டால் சுற்றிலும் வெறும் தரை தெரியும். அத்தான் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார்.

பன்னிரண்டடிப் படத்துக்குள் எட்டரை அடிப் படத்தை வரைந்து பார்த்தேன். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இரண்டும் ஒரே முகம். உள்ளே இருப்பது பாதி. அப்படியென்றால் அதைச் சுற்றி மிச்சமிருக்கும் இடமும் பாதிதானே! எட்டரை அடிக்குப் பூ போடலாம். அல்லது எட்டரை அடியை விட்டுவிட்டு, வெளியே பன்னிரண்டடிவரை பூ போடலாம். இரண்டுக்கும் அதே தொண்ணூறு கிலோதான். வெளி அளவு ஓர் அங்குலம்கூடக் குறையாது.

"பாய், உங்ககிட்ட கரும்பச்சையில கார்ப்பெட் ரோல் இருக்கா?"

"இருக்கு. எத்தன சதுர அடி?"

"அறுநூத்தித் தொண்ணூத்தஞ்சுல பாதி" என்றேன். அத்தானின் ஃபைல் போனில் திறந்தே இருந்தது.

அவர் ஒரு நொடி கண்ணை மூடினார். "முந்நூத்தி அம்பதுக்குள்ள. ரெண்டு துண்டா வெட்டி ஒட்டணும். நாளைக்கு மத்தியானம் ரெடியா இருக்கும். உன் மருமகளுக்கு என் சீர்னு வச்சுக்க" என்றார். சபையில் சொன்ன சீர் பூதான், இன்னொருவர் பொருள் நடுவில் வரலாமா என்று எனக்கு ஒரு கணம் தயக்கம். தயங்கி என்ன ஆகப்போகிறது? சரி என்றேன்.

சனிக்கிழமை முழுக்கக் கடையில் வேலை. வெளி ஓரத்துக்குத் தொண்ணூற்றாறு அடிச் சரம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. அந்தக் கணக்கு ஆரம்பத்திலிருந்தே சரிதான், ஓரம் மூன்று மடங்கானால் சரமும் மூன்று மடங்குதான். இப்போது உள் ஓரத்துக்கு எட்டெட்டரை, அறுபத்தெட்டு அடி புதிதாகக் கட்ட வேண்டும். நானும் என் மனைவியும் கடையில் இருக்கும் இரண்டு பெண்களும் உட்கார்ந்து கட்டினோம். என் மனைவி மட்டும் ஒரு தடவை, "உங்கக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். கல்யாணம் முடியட்டும் என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை, ஆனால் கேட்காததும் எனக்குக் குத்தியது.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு டோபி காட் பக்கத்து மண்டபத்தில் முதல் ஆளாக நான் நின்றேன். தரையின் நடுவில் ஆணிக்குப் பதிலாகப் பித்தளை எடைக்கல் ஒன்றை வைத்து, அதிலிருந்து எட்டு மூலைக்கும் எட்டு நூல் இழுத்தேன். ஒவ்வொரு நூலிலும் நடுவிலிருந்து பத்தில் ஏழு பங்கு தூரத்தில் ஒரு முடிச்சு; பன்னிரண்டில் எட்டரை ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த எட்டு முடிச்சையும் இணைத்தால் உள் எட்டுப் பட்டை தானாக வந்துவிட்டது. பக்கத்தை அளந்தேன், எட்டரைக்கு ஒரு விரல் குறைவு. கோணலும் இல்லை, சாய்வும் இல்லை. பாய் கார்ப்பெட்டைச் சுருட்டிக்கொண்டு தம்பி மகன் வேனில் வந்து இறங்கினார். விரித்தால் முடிச்சுக்கு முடிச்சு உட்கார்ந்தது. பிறகு சரம். பிறகு உதிரி. நாலேகால் அடி அகலத்துக்கு மஞ்சள், மாதிரியில் போட்ட அதே அடர்த்தியில். எங்கேயும் நான் கையை இறுக்கவில்லை. ஆறே முக்காலுக்கு முடித்தபோது கடைசிக் கூடையில் இரண்டு கை பூ மிச்சம் இருந்தது.

கரும்பச்சைக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் எப்படி இருந்தது என்கிறீர்கள்! நானே இரண்டடி பின்வாங்கிப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன். முழுக்கப் பூவாகப் போட்டிருந்தாலும் இவ்வளவு நன்றாக வந்திருக்காது என்று இன்றும் சொல்வேன்.

அத்தான் ஏழு மணிக்கு வேட்டி சட்டையில் வந்தார். ஒரு பக்கத்தைப் பாதத்துக்குப் பாதம் ஒட்டி வைத்துப் பன்னிரண்டு என்று அளந்தார். பிறகு உள் பக்கத்தை அளந்தார். எட்டுப் பாதம், அதற்கு மேல் அரைப் பாதம். நின்றார். உதடு அசைந்தது. நான் அவருக்கு முந்திக்கொண்டேன்.

"பாதி அத்தான். உள்ள பாதி, வெளிய பாதி."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எக்ஸாக்டா பாதி. யாரு கணக்குப் போட்டது?"

"நான்தான்."

"ஸ்கொயர் பண்ணியா?"

"பண்ணாம எப்படி வரும்?"

அவர் என் தோளில் கை வைத்தார். எங்கள் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டு முப்பது வருடத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை. நெஞ்சு நிறைந்தது. ஆனால் அதிலேயே ஒரு முள்ளும் இருந்தது. இவர் நான் யோசித்துச் செய்ததாக நினைக்கிறார்.

ஒன்பது மணிக்கு நாதஸ்வரம் ஆரம்பித்தது. தாய்மாமன் மாலையைத் திவ்யதர்ஷினி கழுத்தில் போட்டு, அவள் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். ஓரத்தில் நின்று, "மாமா, மிதிக்கவே மனசு வரல" என்று காதோடு சொன்னாள். "உனக்காகத்தான்டா போட்டது, நட" என்றேன். பூவின்மேல் மூன்று காலடி, பச்சையின்மேல் மெல்ல நடை, மறுபடி பூவின்மேல் மூன்று காலடி. மண்டபமே போனைத் தூக்கிப் பிடித்திருந்தது. மைக்கில் ஒருவர், "மணமகளின் தாய்மாமன் தாமே சிந்தித்து வடிவமைத்த சிறப்புப் பூத்தரை" என்று செந்தமிழில் முழங்கினார். அத்தானின் சொந்தக்காரர்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படி அவள் சிரித்து நான் பார்த்தது எப்போது என்றே தெரியவில்லை.

தாலி கட்டி முடிந்தது. எல்லோரும் சாப்பாட்டுக்கு நகர்ந்தார்கள். அக்கா தனியாகப் பூத்தரை ஓரத்தில் நின்று, மிதிபட்டுக் கலைந்த இடத்தைக் காலால் மெல்ல ஒதுக்கிச் சரிசெய்துகொண்டிருந்தாள். சொல்லாமலே விட்டுவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. பாய் வாய் திறக்கமாட்டார். ஆனால் என்னை நம்பி எதிர்த்து நின்றவளை ஏமாற்றி வாங்கிய பெருமை எனக்கெதற்கு? பக்கத்தில் போனேன்.

"அக்கா, இது நான் யோசிச்சு வச்ச டிசைன் இல்ல. கணக்குத் தப்பாயிடுச்சு. நூத்தி எண்பது கிலோ வேணும், நான் அறுபதுதான் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமைதான் தெரிஞ்சுது. ஊரெல்லாம் சுத்தித் தொண்ணூறு சேர்த்தேன். பூ பத்தாமத்தான் நடுவுல பாய் கார்ப்பெட்டு."

அக்கா காலை நிறுத்தினாள்.

"வெள்ளிக்கிழமை எனக்கு போன் பண்ணியே. இதச் சொல்லத்தானா?"

"ஆமாக்கா. நீ அந்தக் கம்பெனிய கேன்சல் பண்ணிட்டேன்னு சொன்ன. அதுக்கப்புறம் எனக்கு வாய் வரல. திரும்ப அவங்களக் கூப்பிட வச்சா, அத்தான் வீட்டு ஆளுங்க முன்னாடி உனக்குத்தான அசிங்கம்."

"நான் கூப்பிட்டிருப்பேன்னு நினைச்சியா?"

"பின்ன என்னக்கா பண்ணியிருப்ப?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"கூப்பிட்டிருக்க மாட்டேன்டா. ஒரு பூகூட இல்லன்னாலும் உன் கையப் பிடிச்சிட்டு வெறும் தரையில நடந்து வந்திருப்பா என் பொண்ணு."

அக்கா குனிந்து, கலைந்த பூவை மறுபடி ஒதுக்க ஆரம்பித்தாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒதுக்கினேன்.